கடைசியாக முழு ஆல்பம் எப்போது கேட்டீர்கள்?

2025 அக்டோபர் 19, தஞ்சாவூர் நண்பரின் கேள்வி; அதற்கும் பின்னால் வந்த கேள்விகளுக்கும் நான் நாள்வாரியாக எழுதிய பதில்கள் கீழே

"சினிமாவில் சேராத தனியிசை, தனியிசை என்று பேசுகிறோம். இரண்டு வருடமாக என் காதுக்கு வந்ததெல்லாம் ஒற்றைப் பாட்டுகள்தான். யாராவது இப்போது முழு ஆல்பம் போடுகிறார்களா? போட்டாலும் நீங்கள் யாராவது உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கிறீர்களா? கடைசியாக எப்போது கேட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்."

அக்டோபர் 19, இரவு

உண்மையைச் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் மின்சாரம் போய், போனில் இறக்கி வைத்திருந்தது ஒரே ஒரு ஆல்பம் என்பதால் அதை முழுதாகக் கேட்டேன். அதற்கு முன்னால் எப்போது என்று நினைவில்லை. இத்தனைக்கும் நான் இருபது வருடமாகத் திருச்சியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன், நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஆல்பமும் போட்டவன்.

என் கருத்து இதுதான்: தமிழில் ஆல்பம் முடிந்துவிட்டது. இருப்பது ஒற்றைப் பாட்டு மட்டுமே, அதுவும் சினிமா வாசலில் நீட்டுகிற விசிட்டிங் கார்டு. சாய் அபயங்கரைப் பாருங்கள். 2024 ஜனவரியில் "கட்சி சேர", ஜூனில் "ஆச கூட". இரண்டே பாட்டு, ஊரே பாடியது. இந்தத் தீபாவளிக்கு "டியூட்" படத்தில் இசையமைப்பாளராக வந்துவிட்டார். நல்ல திறமை, வந்தது நியாயம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற ஐந்நூறு பையன்கள் எதற்கு எட்டுப் பாட்டு போட்டு மெனக்கெடப் போகிறார்கள்?

அக்டோபர் 20

கோவைத் தம்பி திருத்தியிருக்கிறார், சரிதான். சாய் அபயங்கருக்கு முதலில் வந்த படம் "டியூட்" இல்லை, மலையாளத்தில் "பல்டி". செப்டம்பர் 26-இல் வந்தது, மூன்று வாரம் முன்னால். நன்றி தம்பி.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். "ஆல்பம் முடிந்துவிட்டது" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து போட்ட "தெருக்குரல்" 2019. ஷான் வின்சென்ட் டி பாலின் "மேட் இன் ஜாஃப்னா" 2021. பிரியா ரகுவின் "சந்தோசம்" 2023. பாடகி கானவ்யாவின் "டாட்டர் ஆஃப் எ டெம்பிள்" 2024, "நிலம்" 2025. இது எல்லாம் முழு ஆல்பம், எல்லாவற்றிலும் தமிழ் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போனால் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா போட்ட "வல்லவன்", 2006. இன்றைய தமிழ் ராப் பையன்கள் பாதிப் பேருக்கு அதுதான் பாலபாடம்.

இப்படி எழுதிப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. "தெருக்குரல்" தவிர மற்றதெல்லாம் தமிழ்நாட்டுக்கு வெளியே. ஷான் வளர்ந்தது கனடா, பிரியா ரகு பிறந்தது சுவிட்சர்லாந்து, கானவ்யா நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்து மறுபடி அங்கே போனவர். அங்கெல்லாம் பாட்டுப் போட்ட பையனைக் கூப்பிட்டு அட்வான்ஸ் கொடுக்கத் தமிழ் சினிமா பக்கத்துத் தெருவில் இல்லை. அதனால் ஒரு பாட்டுக்கு அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று தனக்காகவே போட வேண்டியிருக்கிறது. அப்படித்தான் அது ஆல்பமாகிறது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 22

"வரிசையாகக் கேட்டால் என்ன, கலைத்துப் போட்டுக் கேட்டால் என்ன, பாட்டு பாட்டுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" கேசட் இருந்தது. 1986-இல் வந்தது. அப்பா ரயில்வேயில் வேலை, பொன்மலைக் குடியிருப்பு. சம்பள நாளன்று வாங்கி வந்தார். படப் பாட்டு இல்லை, பாடகர் இல்லை, வயலினும் குழுவும் மட்டும். அம்மா "இதுல பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம் அது என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு உருப்படியின் பெயர், பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று அர்த்தம் வரும். அதற்கு அடுத்ததன் பெயர், அப்புறம் நாங்கள் பேசினோம் என்று. முதலாவதைக் கேட்காமல் இரண்டாவதை மட்டும் கேட்டால் யார் யாரோடு பேசினார்கள்? கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதானே பேச்சு.

கேசட்டில் அடுத்த பாட்டுக்குத் தாவ முடியாது. தாவ முடியும், ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்தி, நடுப்பாட்டில் போய் நின்று, எரிச்சலாகிவிடும். அதனால் பிடிக்காததையும் கேட்டோம். கேட்டுக் கேட்டு நாலாவது மாதம் பிடிக்காததுதான் ரொம்பப் பிடித்தது. எனக்கு வயலின் தனியாக அழுகிற இடங்கள் அப்படித்தான் பிடித்தன. இன்றைக்குப் பத்து நொடியில் தள்ளிவிடுகிற கைக்கு அந்த நாலாவது மாதம் வருவதே இல்லை. நான் இழந்தது இதைத்தான் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

அக்டோபர் 23

தஞ்சாவூர் நண்பர் சொல்வது அருமை: "நம்ம ஊரில் கச்சேரிதான் ஆல்பம்." வர்ணத்தில் சூடேற்றி, நடுவில் பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடா, மங்களம். வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டமும் அன்றிலிருந்தே இருக்கிறது, ஆகவே தாவுகிற பழக்கத்தைப் போன் மீது மட்டும் போட வேண்டாம்.

அக்டோபர் 27

எங்கள் ஆல்பத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன், விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நடந்ததை மட்டும் சொல்கிறேன், போடப் போகிறவர்களுக்கு உதவும்.

2019. ஐந்து பேர், ஏழு பாட்டு. ஒரு நண்பனின் மாடி அறையில் சுவர் நெடுக மெத்தையைச் சாத்தி வைத்துப் பதிவு செய்தோம். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடாத நேரம் இரவு பதினொன்றுக்கு மேல்தான், எல்லாப் பாட்டும் அந்த நேரத்தில் பாடியதுதான். மிக்ஸிங், மாஸ்டரிங், உருமிக்காரருக்குச் சம்பளம், அட்டைப் படம் எல்லாம் சேர்த்து 86,000 ரூபாய் ஆனது. ஸ்பாட்டிஃபை மாதிரிப் பாட்டு கேட்கிற தளங்களில் ஏற்றுவதற்கு ஒரு விநியோக நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா.

முதல் அடி ஆறாவது மாதம். எங்கள் பாட்டை எங்களில் ஒருவன் காணொளியாகப் போட, அது வேறு யாருடைய உரிமையோ என்று தானியங்கி அறிவிப்பு வந்தது. விசாரித்தால், தாளத்துக்குக் கீழே நாங்கள் போட்டிருந்த ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற ரெடிமேட் ஒலித்துண்டு, எல்லோரும் காசு கொடுத்து வாங்குகிற தொகுப்பிலிருந்து எடுத்தது. அதே லூப்பைப் போட்ட வேறொருவர் தன் பாட்டை முதலில் பதிந்துவிட்டார், இயந்திரம் எங்களைத் திருடர் என்கிறது. எங்கள் உருமிக்காரர் மாடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்த நிஜத் தாளம் மேலே இருக்கிறது, பயனில்லாத அந்த லூப்பால் பாட்டே மாட்டிக்கொண்டது. ஏழு வாரம் எழுதி எழுதித்தான் விடுவித்தோம்.

இரண்டாவது அடி 2022. சந்தா கட்டுகிற கார்டு காலாவதியாகி, யாரும் கவனிக்கவில்லை, ஏழு பாட்டும் எல்லாத் தளத்திலிருந்தும் போய்விட்டது. வேறு நிறுவனம் மூலம் மறுபடி ஏற்றினோம். அப்போது ஐ.எஸ்.ஆர்.சி. என்கிற பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணைப் பழையதையே கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. புது எண் போட்டதும் கேட்ட எண்ணிக்கை எல்லாம் சுழியத்திலிருந்து. தம்பிகளே, உங்கள் பாட்டின் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆதார் எண் மாதிரி அது.

மூன்று வருடத்தில் கைக்கு வந்தது 1,140 ரூபாய். ஆளுக்கு 228.

அக்டோபர் 27, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் பார்த்து "அப்புறம் எதற்குப் போட்டீர்கள்" என்று கேட்கிறார்கள். ஐந்தாவது பாட்டு எங்கள் வயலின்காரரின் அம்மா நடவு நேரத்தில் பாடியது. அவர் இப்போது இல்லை. அந்தக் குரல் இருக்கிறது. போட்டதற்கு எனக்கு இது போதும். ஆனால் காசு வராததற்கு இதைச் சமாதானமாக யாரும் எனக்குச் சொல்லக் கூடாது, இரண்டும் வேறு வேறு.

அக்டோபர் 30

இரண்டு விஷயம்.

ஒன்று, பெரிய இசை நிறுவனமான யுனிவர்சல் மியூசிக்கும் பாட்டு செய்கிற செயற்கை நுண்ணறிவு நிறுவனமான உடியோவும் வழக்கை முடித்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டன, நேற்றைய செய்தி. 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து உடியோ மீதும் அதே மாதிரி நிறுவனமான சூனோ மீதும் வழக்குப் போட்டபோது, அனுமதி கேட்காமல் தங்கள் பாட்டுகளைக் கொண்டு இயந்திரத்துக்குப் பாடம் நடத்திவிட்டார்கள் என்று குற்றம் சாட்டின. இப்போது உரிமம் கொடுத்துக் கூட்டு. பெரியவர்களுக்கு வழக்குப் போட வக்கீல் உண்டு, சமரசம் பேச மேசை உண்டு. மாடியில் மெத்தை சாத்திப் பதிவு செய்தவனுக்கு அந்த மேசையில் நாற்காலி எங்கே?

இரண்டு, "தளத்தில் ஒரு தடவை கேட்டால் எத்தனை பைசா" என்று கேட்கிறார்கள். அப்படி நிலையான விலை கிடையாது. கோவில் உண்டியல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த காசில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பாட்டுகளின் உரிமையாளர்களுக்கு. அதை அந்த மாதம் மொத்தமாகக் கேட்கப்பட்ட எண்ணிக்கையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். நீங்கள் மாதம் முழுவதும் எங்கள் ஏழு பாட்டை மட்டுமே கேட்டாலும் உங்கள் சந்தா எங்களுக்கு வராது. அது பெரிய உண்டியலில் விழுந்து, பெரும்பகுதி யார் அதிகம் ஓடுகிறாரோ அவருக்குப் போகும். கேட்டவரின் காசு கேட்கப்பட்டவருக்கே என்கிற முறையை 2021-இல் சவுண்ட்கிளவுட் என்கிற தளம் தொடங்கியது. மற்றவர்கள் அந்தப் பக்கம் பெரிதாக நகரவில்லை.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதி: வருடத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத ஆல்பத்துக்குக் காசே கிடையாது.

நவம்பர் 2

கடைசி வரி தவறு. ஆல்பத்துக்கு இல்லை, பாட்டுக்கு. ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகக் கடந்த 12 மாதத்தில் 1,000 தொட்டிருக்க வேண்டும். தொடாத பாட்டின் பங்கு மற்ற பாட்டுகளின் உண்டியலுக்குப் போகும்.

தவறு திருந்தியதும் விஷயம் இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது. ஆல்பத்தில் முதல் பாட்டு 5,000 ஓடும், ஆறாவது 300 ஓடும். ஆறாவது பாட்டுக்குச் சுழியம். அப்படியானால் ஆறாவது பாட்டை எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்றுதானே கலைஞனுக்குத் தோன்றும்? தஞ்சாவூர் நண்பரே, உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. ஆல்பம் குறைந்ததற்கு நம் பொறுமையின்மை ஒரு காரணம் என்றால், காசு எண்ணுகிற முறை இன்னொன்று. பதினெட்டாம் படி ஏறியவனுக்குத்தான் பிரசாதம் என்றால் ஏழாம் படியில் யார் நிற்பார்?

நவம்பர் 13

பிரான்சின் டீசர் (Deezer) என்கிற பாட்டுத் தளம் நேற்று சொன்ன கணக்கு: தங்களிடம் ஒரு நாளைக்கு வந்து சேர்கிற புதுப் பாட்டில் 34 சதவீதம், அதாவது 50,000 பாட்டு, முழுக்க இயந்திரம் செய்தது. ஏப்ரலில் இதே நிறுவனம் சொன்னது 18 சதவீதம். எட்டு நாட்டில் 9,000 பேரிடம் பாட்டைப் போட்டுக் காட்டியதில் 97 சதவீதம் பேருக்கு எது மனிதர் எது இயந்திரம் என்று பிரிக்கத் தெரியவில்லையாம்.

ஜூன், ஜூலையில் வெல்வெட் சன்டவுன் என்று ஒரு குழு ஸ்பாட்டிஃபையில் பத்து லட்சம் மாதக் கேட்பாளர்களைச் சேர்த்தது ஞாபகமிருக்கும். அப்புறம்தான் ஆளே இல்லை, எல்லாம் இயந்திரம் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. பின்னணியில் ஏதோ ஓடட்டும் என்று விட்டவர்கள். உண்டியல் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள், அங்கே விழுந்த ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ ஒரு மனிதரின் பங்கிலிருந்து கழிந்தது.

நவம்பர் 14

"இயந்திரக் குரல் என்றாலே தப்பா?" என்று கோவைத் தம்பி. இல்லை தம்பி. "லால் சலாம்" பாட்டில் ஏ.ஆர். ரகுமான் மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் அப்படித்தான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அவர்களுக்குப் பணமும் கொடுத்துச் செய்ததாக அப்போதே சொன்னார். அதே சமயத்தில் ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் உருவாக்கினார்கள் என்று அவர் குடும்பத்தார் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. இரண்டிலும் கருவி ஒன்றுதான், கேட்டார்களா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். ஆனால் மனதைத் திறந்து சொல்கிறேன், எங்கள் ஐந்தாவது பாட்டின் அம்மா குரலை யாராவது அனுமதி கேட்டு வந்தாலும் கொடுக்க எனக்கு மனம் வராது. அவர் பாடாத ஒன்றை அவர் வாயில் வைக்க எனக்கு என்ன உரிமை? கொடுக்கிற குடும்பங்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கிற ஆசை இருக்கும்.

நவம்பர் 16

ஒப்பந்தம் பற்றித் தனிச் செய்தியில் நாலு பேர் கேட்டார்கள், எல்லோருக்கும் சேர்த்து இங்கே. நான் வக்கீல் இல்லை, ஆனால் 2019-க்கு அப்புறம் இந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன்.

2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தன் உரிமையை விற்றாலும் ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாங்கியவரோடு சரிபாதி. "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்தப் பகுதி செல்லாது. இது படப் பாட்டுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், சட்டம் படத்தில் வராத ஒலிப்பதிவையும் தனியாகச் சொல்லியிருக்கிறது. படத்துக்கு ஒரே விலக்கு, தியேட்டரில் படத்தோடு ஓடுவது.

அப்புறம் பிரிவு 19. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ள வேண்டும். எந்த நிலப்பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருடம் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உரிமை உங்களிடமே திரும்பும். பையன்கள் "நிறுவனம் அனுப்பிய தாள்" என்று படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், அந்த நிமிடம்தான் எல்லாமே தீர்மானமாகிறது.

சட்டம் இருந்தாலும் ராயல்டி தானாக வீடு தேடி வராது. பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969-இலிருந்து இருக்கிறது, அதில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். நான் பதிந்தது 2023-இல்தான்.

"எஞ்சாயி எஞ்சாமி" பற்றி இங்கே எழுதாமல் இருக்க முடியாது. 2021 மார்ச்சில் வந்து உலகமெல்லாம் ஓடிய பாட்டு. 2024 மார்ச்சில், சரியாக மூன்று வருடம் கழித்து, அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்டவர்கள் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பாட்டின் கணக்கே அதைச் செய்தவர்களுக்குத் தெளிவாகக் கைக்கு வரவில்லை என்றால் மற்றவர்கள் கதி என்ன? அந்தக் காணொளி வந்த ராத்திரி எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை.

டிசம்பர் 6

ஒரு முழு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். பேண்ட்கேம்ப் என்பது கலைஞர்களிடமே பாட்டு வாங்குகிற தளம். நேற்று பேண்ட்கேம்ப் வெள்ளி. 2020 மார்ச்சில் ஊரடங்கில் கலைஞர்களுக்கு மேடை போனபோது தொடங்கியது, அந்த ஒரு நாள் தளம் தன் பங்கை எடுக்காது. மற்ற நாளில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். வெள்ளியன்று பணம் கடக்கிற செலவு போகச் சராசரியாக 93 சதவீதம் கலைஞர் பக்கம் சேர்கிறது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு வெள்ளி மதியம் ஒன்றரைக்குத் தொடங்கிச் சனி மதியம் ஒன்றரை வரை, நேர வித்தியாசத்தால்.

கானவ்யாவின் "டாட்டர் ஆஃப் எ டெம்பிள்" வாங்கினேன். மூன்று தடவை கார்டை ஏற்கவில்லை. கோபத்தில் மூடப் போனேன், மகள்தான் "அப்பா, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணுனீங்களா?" என்றாள். 2020-லிருந்து புதுக் கார்டெல்லாம் உள்நாட்டுக்கு மட்டும் திறந்து வரும், ரிசர்வ் வங்கி விதி, வெளிநாட்டுக்கு நாமே வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். திறந்தேன், வேலை முடிந்ததும் மூடிவிட்டேன். மாட்டிக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டிசம்பர் 7

நேற்று இரவு முழுதாகக் கேட்டேன். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரில்.

ஹூஸ்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி வைத்துச் செய்த பதிவு. எஸ்பரான்சா ஸ்பால்டிங், விஜய் ஐயர், ஷபாகா என்று ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஜாஸ் மேதைகளான ஜான், ஆலிஸ் கோல்ட்ரேன் தம்பதியின் இசை அதன் மீது நிழல் மாதிரி கிடக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மனிதர்கள் மூச்சுவிடுவதும் அசைவதும் கேட்கிறது. பஜனை மடத்தில் பாட்டுக்குப் பாட்டு நடுவில் யாரோ இருமுவார்கள், ஜால்ராவைக் கீழே வைப்பார்கள், அந்த மாதிரி. அங்கே நான் தாவியிருந்தால் அந்த மனிதர்களை இழந்திருப்பேன். கானவ்யா குரலை உயர்த்தவே மாட்டேன் என்கிறார். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்று இரண்டு பாட்டு கேட்டுவிட்டு "யாரு இது, கோவில்ல பாடுற மாதிரி இருக்கு, ஆனா கோவில் இல்ல" என்றாள். இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது.

எனக்கு நடுவில் ஒரு இடம் தொய்வாகவும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 1986 கேசட்டை நினைத்துக்கொண்டு பட்டனைத் தேடவில்லை.

டிசம்பர் 9

மலேசிய அக்கா கேட்டதற்கு: ஆமாம், ஸ்பாட்டிஃபை மாதிரிப் பெரிய தளங்களில் போடாமலேயே ஆல்பம் பிழைத்ததற்கு உதாரணம் இருக்கிறது. கனடாவின் சிண்டி லீ, "டயமண்ட் ஜூபிலி", 2024 மார்ச். 32 பாட்டு, இரண்டு மணி நேரம். வெளியானபோது ஸ்பாட்டிஃபையில் போடவில்லை. பழைய காலத்து இணையப் பக்கம் ஒன்றில் தரவிறக்கமாகவும், யூடியூபில் துண்டு போடாத ஒரே நீளக் காணொளியாகவும் வைத்தார், விருப்பப்பட்டால் 30 கனடிய டாலர் அனுப்புங்கள் என்று. துண்டு போடாததால் தாவுவதே சிரமம், அதனால் உட்கார்ந்து கேட்டார்கள். இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 9.1 மதிப்பெண் கொடுத்தது. தமிழில் ஒருவர் இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. எல்லோருக்கும் இது நடக்காது என்பதும் தெரியும், பல வருடம் மேடையேறி உழைத்த பெயர் அதற்குப் பின்னால் இருந்தது.

டிசம்பர் 28

மார்கழி வேலை, கல்யாணக் கச்சேரி, எழுத நேரமில்லை. ஒரு சேதி மட்டும்: "மேடைதான் சோறு போடும், பதிவு போடாது" என்று அக்கா எழுதியது முழு உண்மை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் தடவை மேடையேறியதைப் பார்க்க இங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். கானா பாடுகிறவரும் ராக் வாசிக்கிறவரும் ஒரே மேடையில். அன்று அங்கே பாட்டை விற்கிற மேசை இருந்திருந்தால் பையில் இருந்த காசையெல்லாம் வைத்திருப்பேன். அதனால் இந்த வருடம் எங்கள் குழு மேடைக்குப் பக்கத்தில் சின்ன மேசை போடப் போகிறோம், ஏழு பாட்டும் பென்டிரைவில், 150 ரூபாய். நேற்று மணப்பாறையில் முதல் தடவை வைத்தோம். பதினொன்று போனது. ஒரே ராத்திரியில் 1,650. மூன்று வருடத் தளக் கணக்கைத் தாண்டிவிட்டது. பென்டிரைவ் விலை போக என்று கோவைத் தம்பி கணக்குக் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், பாதிதான் மிச்சம், அப்போதும் ஒரே ராத்திரியில்.

2026 ஜனவரி 15

பேண்ட்கேம்ப் இந்த வாரம் அறிவித்துவிட்டது: முழுக்கவோ பெரும்பகுதியோ இயந்திரம் உருவாக்கிய இசைக்கு அங்கே இடமில்லை. பொங்கலன்று நல்ல செய்தி. இதே தளத்தை 2022-இல் எபிக் கேம்ஸ் என்கிற வீடியோ கேம் நிறுவனம் வாங்கி, 2023-இல் சாங்ட்ரேடர் என்கிற இசை உரிம நிறுவனத்துக்கு விற்று, அந்த மாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. ஆகவே இதுவும் நிரந்தரம் என்று நான் நம்பவில்லை, வாங்கிய பாட்டைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுச் செயலிகளில் ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடியது, அதே வருடம் விங்க் மூடுவதாக அறிவித்தது. எத்தனை பேர் சேர்த்து வைத்த பட்டியல் அதோடு போனது.

தஞ்சாவூர் நண்பர் நேற்று எழுதியதைப் படித்தீர்களா? திருச்சியிலிருந்து ஊருக்கு வருகிற பேருந்தில் "நிலம்" போட்டுக் கேட்டிருக்கிறார், வரிசையாக. புதுப் பேருந்து நிலையம் வந்தபோது ஆல்பம் முடியவில்லையாம், இறங்கி ஆட்டோ பிடிக்காமல் பெட்டிக்கடை ஓரம் நின்றே மீதியைக் கேட்டாராம். எந்தப் பாட்டில் இறங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். நாளை மறுநாள் அதே பேருந்தில் நான் வருகிறேன்.